உக்ரைன் ஆய்வு: இருக்கையா, நிறுவனமா, கூட்டமைப்பா?

2022 பிப்ரவரியில் முழுப் போர் மூண்ட பிறகு ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் பல பல்கலைக்கழகங்கள் உக்ரைன் ஆய்வின் பக்கம் திரும்பின. நிதி என்று ஒன்று கைக்கு வந்ததும் எல்லா இடத்திலும் எழும் கேள்வி ஒன்றுதான். இதை ஓர் இருக்கையாக, அதாவது நன்கொடை நிதியில் நிரந்தரமாக நடக்கும் பேராசிரியர் பதவியாக, நிறுவுவதா, தனி ஆய்வு நிறுவனமாக எழுப்புவதா, பக்கத்துப் பல்கலைக்கழகங்களோடு கூட்டமைப்பாகச் சேர்வதா? நான்காவதாக, தனிப் பல்கலைக்கழகமே நடத்தலாம். அதையும் உக்ரைனியர்கள் செய்து பார்த்திருக்கிறார்கள். ஹார்வர்டிலும் டொராண்டோவிலும் தமிழ் இருக்கைக்குக் காசு சேர்த்த நம்மவர்களுக்கு இந்த வாதம் பழகியதாகவே இருக்கும்.

குழுக்கள் பெரும்பாலும் பெயரில்தான் தொடங்குகின்றன. மையம் என்பதா, நிறுவனம் என்பதா என்று மூன்று கூட்டம் போய்விடும். அதற்கு முன் கேட்க வேண்டியவை வேறு: பட்டம் கொடுக்கும் அதிகாரம் யாரிடம்? சம்பளம் எந்தத் துறையின் கணக்கில் விழுகிறது? நிதிக்காலம் முடிந்த மறுநாள் யார் வேலையில் இருப்பார்? இந்த மூன்றுக்கும் விடை எழுதிவிட்டால் வடிவம் பாதி தீர்ந்துவிடும். இன்னொன்றும் உண்டு, அதுதான் இந்தக் கட்டுரையின் வாதம்: எந்த வடிவத்தை எடுத்தாலும் முதலில் உறுதி செய்ய வேண்டியது உக்ரைனிய மொழி விரிவுரையாளரின் நிரந்தரப் பணியிடம். பேராசிரியர் பதவி அதற்கு அடுத்தது.

பல துறை ஏன் தேவைப்படுகிறது

பல்துறை என்பது விண்ணப்பத்தில் எழுதும் அலங்காரச் சொல்லாகிவிட்டது. உக்ரைன் விஷயத்தில் அது அலங்காரம் அல்ல. தென்மேற்கில் உள்ள செர்னிவ்சி நகரைப் பாருங்கள். 1918 வரை ஆஸ்திரியப் பேரரசு, பிறகு ருமேனியா, 1940-ல் சோவியத், 1941-ல் மீண்டும் ருமேனியா, 1944-ல் மறுபடி சோவியத், 1991 முதல் சுதந்திர உக்ரைன். 1875-ல் அங்கே தொடங்கிய பல்கலைக்கழகம் முதலில் ஜெர்மனிலும், அடுத்து ருமேனிய மொழியிலும், அதன்பின் உக்ரைனிய மொழியிலும் பாடம் நடத்தியது. அந்த ஊரின் நூறாண்டை எழுத ஜெர்மன், ருமேனியன், உக்ரைனியன், இத்திஷ் (கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழி), ரஷ்யன் என ஐந்து மொழி ஆவணங்கள் வேண்டும். ஐந்தும் படிக்கத் தெரிந்த ஒருவரைத் தேடுவதைவிட, மூவரை ஒரே மேசையில் உட்கார வைப்பது எளிது.

இதைவிட நல்ல சான்று 1932-33 பெரும்பஞ்சம், ஹொலொதொமோர். வரலாற்றாசிரியர் கட்சி ஆணைகளையும் தானியக் கொள்முதல் கணக்குகளையும் படிக்கிறார். மக்கள்தொகையியலார் 1926, 1937, 1939 சோவியத் கணக்கெடுப்புகளை வைத்து, வழக்கத்துக்கு மேற்பட்ட மரணங்களைக் கணிக்கிறார். உக்ரைனிய மக்கள்தொகையியலாளர்கள் சேர்ந்து வந்தடைந்த எண்ணிக்கை சுமார் 39 லட்சம். ஹார்வர்டு உக்ரைனிய ஆய்வு நிறுவனத்தின் மின்வரைபடத் திட்டமான 'மாபா' இந்த இழப்பைப் பகுதிவாரியாக வரைபடத்தில் ஏற்றியபோதுதான் எதிர்பாராத ஒன்று தெரிந்தது. தானியம் மிகுதியாக விளைந்த தெற்குப் புல்வெளியைவிட, அன்றைய கீவ், கார்கிவ் மாகாணங்களில்தான் மக்கள்தொகை விகிதப்படி சாவு அதிகம். 'அதிகம் விளைந்த இடத்தில் அதிகம் பறித்தார்கள், அதனால் அங்கே அதிகம் செத்தார்கள்' என்ற நேர்க்கோட்டு விளக்கம் அத்தோடு போதாமல் போய், வரலாற்றாசிரியர் மறுபடி ஆவணத்துக்குப் போக வேண்டியதாயிற்று. இது இனப்படுகொலையா என்ற கேள்வி சட்டத்துறைக்குரியது. அந்தச் சொல்லையே ஆக்கிய ரஃபேல் லெம்கின் லிவிவ் நகரில் சட்டம் படித்தவர், உக்ரைனைப் பற்றி 1953-ல் நியூயார்க்கில் உரையாற்றியவர். ஒரே நிகழ்வுக்கு நான்கு துறை. எந்த வடிவம் இந்த நால்வரையும் பத்து ஆண்டு ஒன்றாக வைத்திருக்கும் என்பதுதான் ஒப்பீட்டின் அளவுகோல்.

இருக்கை: ஹார்வர்டும் கேம்பிரிட்ஜும்

அமெரிக்க உக்ரைனிய மாணவர்கள் 1957-ல் ஒரு நிதியம் தொடங்கி வீடு வீடாகக் காசு திரட்டினார்கள். 1968-ல் ஹார்வர்டில் வரலாற்று இருக்கை. 1973-க்குள் இலக்கியத்துக்கும் மொழியியலுக்கும் இன்னும் இரண்டு. அதே 1973-ல் மூன்றையும் ஒரு கூரைக்கீழ் கொண்டுவர ஆய்வு நிறுவனம் பிறந்தது. இங்கே கவனிக்க வேண்டியது ஆளெடுப்பு. முதல் இயக்குநர் ஒமெல்யான் பிரித்சாக் அடிப்படையில் துருக்கிய மொழியியலாளர். அவரோடு நின்ற ஈஹோர் ஷெவ்சென்கோ (கவிஞர் தராஸ் ஷெவ்சென்கோ வேறு) கான்ஸ்டாண்டிநோபிளைத் தலைநகராகக் கொண்ட பைசாந்தியப் பேரரசின் ஆய்வாளர். புல்வெளித் துருக்கியக் குடிகளையும் கான்ஸ்டாண்டிநோபிளையும் விட்டுவிட்டு உக்ரைன் வரலாறு எழுத முடியாது என்பதை அவர்கள் நியமனத்திலேயே காட்டிவிட்டார்கள்.

இருக்கையின் பலம் நிரந்தரம். நிலைவைப்பு நிதியின் வருவாயில் ஓடுவதால் அரசு மாறினாலும் போர் செய்தியிலிருந்து மறைந்தாலும் அது நிற்கும். பலவீனமும் அங்கேதான். ஹார்வர்டு தமிழ் இருக்கைக்கு 60 லட்சம் டாலர் திரட்டினோம். ஆண்டுக்கு 4 சதவீதம் எடுக்கலாம் என்று வைத்தால் 2,40,000 டாலர். மூத்த பேராசிரியர் ஒருவரின் சம்பளமும் சலுகைகளும் அதில் பெரும்பகுதியை விழுங்கிவிடும்; முனைவர் பட்ட மாணவருக்கோ, மொழி ஆசிரியருக்கோ, நூலகத்துக்கோ மிச்சம் சொற்பம். நிதி 2018-ல் நிறைந்தும் பேராசிரியர் வந்து அமர மேலும் சில ஆண்டுகள் ஆயின. உக்ரைன் இருக்கைகளுக்கும் இதே நோய் உண்டு: ஒருவர் ஓய்வு பெற்றால் தேடல் குழு இரண்டு மூன்று ஆண்டு இழுக்கும், அதுவரை வழிகாட்டி இல்லாத மாணவர்கள் வேறு தலைப்புக்குத் தாவுவார்கள்.

பல்துறைக் கண்ணோட்டத்தில் வேறொரு சிக்கல். ஹார்வர்டு நிறுவனம் தானாகப் பட்டம் தருவதில்லை. மாணவர் வரலாற்றுத் துறையிலோ ஸ்லாவிய மொழித் துறையிலோ சேர்ந்துதான் முனைவராக வேண்டும். மூன்று இருக்கைகளும் வரலாறு, இலக்கியம், மொழியியலில் இருப்பதால், 2014-க்குப் பிறகு மாணவர்கள் அதிகம் கேட்கத் தொடங்கிய அரசியல், பொருளாதாரம், சமூகவியல் எல்லாம் நிரந்தர இருக்கைக்கு வெளியே நிற்கின்றன. ஐம்பதாண்டுக்கு முன் எழுதிய நன்கொடைப் பத்திரம் இன்றைய பாடத்திட்டத்தைக் கட்டிப்போடும். அதனால் பத்திரத்தில் துறையின் பெயரை எழுதாமல், 'உக்ரைன் குறித்து கலைப் புலத்தில் அல்லது சமூக அறிவியலில்' என்று தளர்வாக எழுதி வைப்பது நல்லது.

கேம்பிரிட்ஜ் கற்றுத்தருவது வேறு பாடம். அங்கே உக்ரைன் ஆய்வு 2008-ல் தொடங்கி 2010-ல் நிரந்தர நிதி பெற்றது. நன்கொடையாளர் தொழிலதிபர் திமித்ரோ ஃபிர்தாஷ். 2014 மார்ச்சில் அமெரிக்க வேண்டுகோளின் பேரில் அவர் வியன்னாவில் கைதானார், குற்றச்சாட்டுகளை மறுக்கிறார். பாடங்கள் தொடர்ந்து நடந்தன, தரத்தில் யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரே பெருந்தனக்காரரின் பணத்தில் நிற்கும் திட்டம் அவர் பெயர் செய்தியில் வரும்போதெல்லாம் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். ஆயிரம் பேர் நூறு நூறாகத் தந்த பணம் வந்துசேர நாளாகும். ஆனால் அந்தப் பணத்தால் இந்தத் தலைவலி வராது.

நிறுவனம்: எட்மண்டன்

கனடாவின் எட்மண்டன் நகரில் உள்ள ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1976-ல் தொடங்கிய கனடிய உக்ரைனிய ஆய்வு நிறுவனம் மாகாண அரசின் பணத்தில் பிறந்தது. முதல் இயக்குநர் மனோலி லுபுல் கல்வி வரலாற்றாளர். 1891 முதல் கனடாவின் மேற்குப் புல்வெளியில் குடியேறிய உக்ரைனிய விவசாயிகளின் வாரிசுகள் வாக்குப் பலத்தோடு கேட்டுப் பெற்றது இது. எட்மண்டன் பள்ளிகளில் 1974-லேயே ஆங்கில-உக்ரைனிய இருமொழி வகுப்புகள் வந்திருந்தன; அதற்குப் பாடநூலும் ஆசிரியர் பயிற்சியும் செய்துதரும் மொழிக் கல்வி மையம் இந்த நிறுவனத்துக்குள்ளேயே இருக்கிறது.

நிறுவனத்தால் மட்டுமே முடிகிற வேலை ஒன்று உண்டு: நீண்ட வேலை. ஐந்து தொகுதி உக்ரைன் கலைக்களஞ்சியம் 1984 முதல் 1993 வரை வந்தது. உக்ரைனிய வரலாற்றாசிரியர் மிகைலோ ஹ்ருஷெவ்ஸ்கியின் பத்துத் தொகுதி வரலாற்றை ஆங்கிலத்தில் பெயர்க்கும் பணி 1989-ல் தொடங்கியது, முதல் தொகுதி அச்சாகவே 1997 ஆயிற்று, பன்னிரண்டு நூல்களாக முடிக்க முப்பது ஆண்டுக்கு மேல் பிடித்தது. நான்காண்டு நிதிநல்கையில் இதை யாரும் செய்ய முடியாது. பணி உயர்வுக்குக் கட்டுரை எண்ணிக்கை காட்ட வேண்டிய இளம் பேராசிரியரும் செய்யமாட்டார். சம்பளம் வாங்கும் பதிப்பாசிரியர்கள் வேண்டும்.

குறை என்னவென்றால், ஆய்வு ஓரிடம், வகுப்பு வேறிடம். மொழியும் நாட்டார் வழக்காற்றியலும் கலைப் புலத்துத் துறைகளில் நடக்கின்றன. நாட்டார் வழக்காற்றுக்குக் கூலே மையம் என்ற தனி அமைப்பே அதே பல்கலைக்கழகத்தில் உண்டு. நிறுவனத்து ஆய்வாளருக்கு மாணவரைச் சேர்க்கும் உரிமை துறை வழியாகத்தான் கிடைக்கும். அந்த உடன்பாட்டை எழுத்தில் வாங்காவிட்டால் பத்தாண்டில் நூல்கள் குவிந்திருக்கும், மாணவர்கள் இருக்கமாட்டார்கள். அரசுப் பணத்தின் ஆபத்தும் தெரிந்ததே: 2020-ஐ ஒட்டி மாகாணம் பல்கலைக்கழக மானியத்தை வெட்டியபோது புலங்களையே திருத்தி அடுக்க வேண்டி வந்தது.

தனிப் பல்கலைக்கழகம்: மியூனிக்

உக்ரைனிய சுதந்திரப் பல்கலைக்கழகம் 1921-ல் வியன்னாவில் தோன்றி, அதே ஆண்டு பிராகுக்குப் பெயர்ந்து, 1945-ல் மியூனிக் சேர்ந்தது. பவேரிய அரசு 1950-ல் பட்டம் வழங்கும் உரிமை தந்தது. உக்ரைனிய மொழியிலேயே முனைவர் பட்ட ஆய்வேடு எழுதலாம் என்பது பெரிய சிறப்பு. ஆனால் ஆய்வுக்கூடம், பெரிய நூலகம், அடுத்த துறைக்காரரோடு தேநீர்ப் பேச்சு எதுவும் சிறு நிறுவனத்தில் அமையாது. சொந்த நாட்டில் சுதந்திரமாக ஆய்வு செய்ய முடியாத காலத்துக்கு இது சரியான விடை. இன்று புதிதாகத் தொடங்குகிறவருக்கு இதைப் பரிந்துரைக்க முடியாது.

கூட்டமைப்பு: ஓடர் நதிக்கரையும் ரேகன்ஸ்பர்கும்

ஜெர்மனியின் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட், 2024-ல் இரண்டு உக்ரைன் மையங்களுக்கு நிதி தந்தது. ஒன்று ரேகன்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில். மற்றது போலந்து எல்லையில் ஓடர் நதிக்கரை ஃபிராங்ஃபர்ட்டின் வியாத்ரினா பல்கலைக்கழகத்தைத் தலைமையாக வைத்து பெர்லின் நிறுவனங்களோடு சேர்ந்தது. காலம் 2028 வரை.

தொடக்கத்திலேயே வேகம் கிடைப்பது இந்த வடிவத்தில்தான். ஒருவரிடம் வரலாறு, இன்னொருவரிடம் சட்டம், மூன்றாமவரிடம் மொழி. புதிதாகக் கட்டடம் வேண்டாம், முதல் ஆண்டிலேயே வகுப்பு தொடங்கலாம். ஹொலொதொமோர் போன்ற நால்துறைக் கேள்விக்கு இயல்பாகப் பொருந்துவதும் இதுவே. ஆனால் சறுக்கும் இடங்கள் நிறைய. ஒரு பல்கலைக்கழகத்தில் 6 கிரெடிட் பெறும் பாடம் இன்னொன்றில் 5 ஆகிவிடும், மாணவர் பட்டம் ஒரு கிரெடிட்டில் தொங்கும். இருவர் சேர்ந்து எடுக்கும் பாடத்தில் ஆளுக்கு அரைப் பாடம் என்றே கணக்கு எழுதுவார்கள். உழைப்போ ஒன்றரை மடங்கு. இரண்டாம் ஆண்டு இருவரும் தனித்தனியே பழைய பாடத்துக்குத் திரும்பிவிடுவார்கள். முதல் இரண்டு முறையாவது இருவருக்கும் முழுப் பாடம் கணக்கிடுவதாக உடன்படிக்கையில் எழுத வேண்டும். இந்த ஒரு வரிக்காகச் சண்டை போடுவது தகும். ஆய்வேட்டுக்கு இரு வழிகாட்டிகள் என்றால் முறையியலில் கருத்து வேறுபட்டால் யார் சொல் இறுதி என்பதையும் சேர்க்கையன்றே எழுதி வையுங்கள். அரசியல் அறிவியலார் கருதுகோள் எங்கே என்பார், வரலாற்றாசிரியர் ஆவணம் எங்கே என்பார், நடுவில் மாணவர் நான்காம் ஆண்டையும் தாண்டிவிடுவார்.

இதையெல்லாம்விடப் பெரியது காலக்கெடு. மூன்றாண்டில் முனைவர் பட்டம் முடிப்பவர்கள் அபூர்வம். நான்காண்டு நிதியில் இரண்டாம் ஆண்டு சேரும் மாணவரின் கடைசி ஆண்டுக்குப் பணம் இருக்காது. எனவே முனைவர் பட்ட இடங்களை முதல் ஆண்டிலேயே நிரப்ப வேண்டும், பிறகு வருபவர்களைப் பட்டமேற்படிப்போடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

மொழி விரிவுரையாளர் ஏன் முதலில்

அமெரிக்க வெளியுறவுத் துறையின் மொழிப்பயிற்சிக் கணக்குப்படி, ஆங்கிலம் பேசுபவர் உக்ரைனிய மொழியில் தொழில்முறைத் தேர்ச்சி பெற 44 வாரம், 1,100 வகுப்பு மணி. பல்கலைக்கழகத்தில் வாரம் 4 மணி, பருவத்துக்கு 14 வாரம், இரு பருவம் என்றால் ஆண்டுக்கு 112 மணி. இரண்டாண்டு படித்தாலும் 224. அதோடு ஒரு கோடைப்பள்ளி: ஏழு வாரம், வாரம் 20 மணி என்றால் 140, அதாவது ஓர் ஆண்டு வகுப்பைவிட அதிகம். மொத்தம் 364, தேவையில் மூன்றில் ஒரு பங்கு. ஆவணம் படிக்க அவ்வளவு பேச்சுத்தேர்ச்சி வேண்டாம் என்றாலும், ஓராண்டு மொழிப்பாடத்தோடு மாணவரை ஆவணக் காப்பகத்துக்கு அனுப்பினால் என்ன ஆகும் என்பதை இந்தக் கணக்கே சொல்லிவிடும். ஹார்வர்டு 1971 முதல் கோடைப்பள்ளி நடத்துகிறது; ஜெர்மனியில் கிரைஃப்ஸ்வால்ட் பல்கலைக்கழகம் 1996 முதல் 'உக்ரைனிக்கும்' என்ற கோடைப்பள்ளியை நடத்துகிறது. சொந்தமாகத் தொடங்காமல் இவற்றுக்கு மாணவரை அனுப்பக் கட்டணம் ஒதுக்குவது சிக்கனம்.

தமிழ் தெரிந்தவருக்கு ஒரு சின்னச் சலுகை உண்டு. உக்ரைனிய மொழியில் ஏழு வேற்றுமை. எட்டு கற்ற நமக்கு அது மிரட்டலாகத் தெரியாது. விளி வேற்றுமை அங்கே இன்றும் உயிரோடு இருக்கிறது: இவான் என்பவரை அழைக்க 'இவானே' என்பார்கள். உண்மையாகவே.

நிரந்தர மொழிப் பணியிடம் இல்லாத இடத்தில், பகுதிநேர ஆசிரியர் ஆண்டுக்கு ஆண்டு மாறுவார். முதல் நிலை வகுப்பு மட்டும் திரும்பத் திரும்ப நடக்கும்; மூன்றாம் நிலைக்கு ஆள் சேராது என்று நிர்வாகம் மூடிவிடும். மூன்றாம் நிலை இல்லாவிட்டால் ஆய்வு மாணவர் ரஷ்ய மொழி மூலங்களிலேயே தங்கிவிடுவார். ஸ்லாவியத் துறைகள் நெடுங்காலம் உக்ரைனை மாஸ்கோ வழியாகப் பார்த்ததற்கு இந்த நடைமுறைக் காரணமும் உண்டு.

காப்பகமும் தரவும்

வடிவத்தைத் தேர்ந்த பிறகும் தேவைப்படும் ஒரு பணியிடத்தைப் பலர் மறக்கிறார்கள்: தரவும் நூல்விவரமும் தெரிந்த நூலகர். உக்ரைனியக் காப்பகக் குறியீடு நான்கு படி: ஃபோந்த் (தொகுப்பு), ஓபிஸ் (பட்டியல்), ஸ்ப்ராவா (கோப்பு), அர்குஷ் (தாள்). ஒரு படி விட்டாலும் அந்தத் தாளைத் திரும்ப எடுக்க முடியாது. கடினமான 'க'வுக்குரிய எழுத்தை 1933-ல் சோவியத் அரசு எழுத்துமுறையிலிருந்து நீக்கியது, 1990-ல் மீண்டது. இடைப்பட்ட காலத்து அச்சில் அது இருக்காது, அதன் இடத்தில் 'ஹ'வுக்குரிய எழுத்தே இருக்கும். நூற்பட்டியலில் இரு எழுத்தாலும் தேடாவிட்டால் பாதி முடிவுதான் வரும். லிவிவ் நகரம் லெம்பெர்க், ல்வூஃப், ல்வோவ் என மூன்று வேறு பெயர்களிலும் கிடக்கும். இதையெல்லாம் ஒவ்வொரு மாணவரும் தனியே விழுந்து எழுந்து கற்க வேண்டியதில்லை.

சமூக அறிவியலாருக்கு வேறு பள்ளம். கடைசி மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2001-ல் நடந்தது, அப்போது சுமார் 4.84 கோடி. அதற்குப் பின் இல்லை. போர்க்காலக் கருத்துக்கணிப்புகள் பெரும்பாலும் தொலைபேசி வழியாக, அரசுக் கட்டுப்பாட்டில் உள்ள பகுதிகளில் நடப்பவை. ஆக்கிரமிப்பில் இருப்பவர்களும் வெளிநாடு சென்ற அகதிகளும் மாதிரியில் வருவதில்லை. 'உக்ரைனியர்களில் இத்தனை சதவீதம்' என்று எழுதும் முன் எந்த உக்ரைனியர்கள் என்று கேட்க வேண்டும்.

ஒரு வாய்ப்பும் இருக்கிறது. 2015-ல் இயற்றிய சட்டம் சோவியத் ஒடுக்குமுறை அமைப்புகளின் காப்பகங்களைத் திறந்துவிட்டது. கேஜிபி கோப்புகளை ரஷ்யாவில் எண்ணிப் பார்க்க முடியாத அளவுக்கு உக்ரைனில் படிக்கலாம். அதேசமயம் 2022-ல் செர்னிஹிவ் நகரில் அப்படிப்பட்ட கோப்புகள் எரிந்தன, ஹெர்சோன் மாநிலக் காப்பகத்தின் கணிசமான பகுதியை ரஷ்யப் படை பின்வாங்கும்போது எடுத்துப் போனது. ஆய்வேட்டுத் திட்டம் ஒரே காப்பகத்தை நம்பி இருக்கக் கூடாது.

உக்ரைனில் இருக்கும் கூட்டாளி

கீவ்-மொஹிலா அகாதமியோ லிவிவின் உக்ரைனியக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகமோ கூட்டாளியாக இல்லாத திட்டம் வெளியிலிருந்து பார்ப்பதாகவே முடியும். போர்ச் சட்டத்தின் கீழ் படைவயது ஆண்களில் பெரும்பாலோர் நாட்டைவிட்டு வெளியே வர முடியாது. வருகைப் பேராசிரியர் பணியிடம் மட்டும் அறிவித்தால் விண்ணப்பிக்க முடிபவர்களில் ஒரு பாதி அப்போதே கழிந்துவிடும். அங்கே இருந்தபடியே ஊதியம் பெறும் தொலைநிலை நல்கைகளைச் சேருங்கள். இணையவழி வகுப்பு வான்வழித் தாக்குதல் எச்சரிக்கையாலும் மின்வெட்டாலும் அறுபடும், ஆகவே ஒவ்வொரு வகுப்பின் பதிவும் மாற்று நேரமும் பாடத்திட்டத்திலேயே இருக்கட்டும்.

யாருக்கு எது

சுற்றுவட்டாரத்தில் பெரிய உக்ரைனியக் குடியிருப்பும் நாடாளுமன்றத்தில் செல்வாக்கும் இருந்தால் எட்மண்டன் வழி. ஆனால் மாணவர் சேர்க்கை உரிமையைத் துறையிடம் எழுதி வாங்கிய பிறகே. சிதறிய நன்கொடையாளர்களும் பெயர்பெற்ற பல்கலைக்கழகமும் இருந்தால் இருக்கை. தொகை போதாவிட்டால் பேராசிரியர் இருக்கையைத் தள்ளிவைத்து, அதே பணத்தில் மொழி விரிவுரையாளர் பதவியை நிரந்தரமாக்குங்கள். நன்கொடையாளருக்கு இது கவர்ச்சியாக இராது, பதவிக்கு அவர் பெயரை வைத்துக் கொடுக்கலாம். ஐந்தாண்டுக்குள் செலவிட வேண்டிய அரசுப் பணம் என்றால் கூட்டமைப்பைத் தவிர வேறு வழியில்லை. அப்போது பத்துப் பங்கில் மூன்றை மொழிக்கும், நான்கை முதல் ஆண்டு முனைவர் பட்ட மாணவர்களுக்கும், இரண்டை உக்ரைனில் இருக்கும் ஆய்வாளர் நல்கைக்கும் ஒதுக்கி, மாநாட்டுக்கு ஒன்று போதும். நடைமுறையில் இந்த விகிதம் தலைகீழாக இருக்கும், மாநாட்டுப் புகைப்படம் அறிக்கையில் அழகாக வருவதால்.

நிதி முடிய இரண்டாண்டு இருக்கும்போதே மொழிப் பணியிடத்தைப் பல்கலைக்கழகத்தின் சொந்தச் சம்பளப் பட்டியலுக்கு மாற்றக் கடிதம் கொடுங்கள். கடைசி ஆண்டில் கொடுத்தால் பட்ஜெட் ஏற்கெனவே மூடியிருக்கும்.